காவிரிப் படுகையின் மழைக்காடுகளும் தஞ்சை நெல்நிலமும்

காவிரியாற்றின் தலைப்பகுதியான மேற்குத் தொடர்ச்சி மலையில் வெப்பமண்டல மழைக்காடுகள் வளர்கின்றன. அதன் கடைப்பகுதியான தஞ்சாவூர் டெல்டாவில் நெல் விளைகிறது. இரண்டையும் ஒரே ஆறு இணைக்கிறது. மலையில் காடு அழிந்த வரலாறும் டெல்டாவில் வேளாண்மை வளர்ந்த வரலாறும் பெரும்பாலும் தனித்தனியாகவே எழுதப்பட்டுள்ளன. உண்மையில் இவை ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தவை. டெல்டாவுக்கு நீர் மலைக்காட்டிலிருந்து வந்தது. டெல்டாவே ஒரு காலத்தில் காடாக இருந்தது. டெல்டாவின் அரிசியும் உழைப்பாளரும் கடல் கடந்து சென்று வேறு நாட்டு மழைக்காடுகள் தோட்டங்களாக மாறக் காரணமாயினர். இக்கட்டுரை இம்மூன்று தொடர்புகளையும் காடழிப்பின் காரணங்களையும் விளக்குகிறது.

வெப்பமண்டல மழைக்காடு: அமைப்பும் இயல்பும்

நிலநடுக்கோட்டின் இருபுறமும், ஆண்டு முழுவதும் வெப்பமும் மிகுந்த மழையும் உள்ள பகுதிகளில் வளரும் பசுமைமாறாக் காடுகள் வெப்பமண்டல மழைக்காடுகள் எனப்படுகின்றன. பொதுவாக ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் மழை பெறும் இடங்களில் இவை காணப்படுகின்றன. புவியின் நிலப்பரப்பில் சிறு பங்கையே பிடித்துள்ள இக்காடுகளில் உலகின் நிலவாழ் உயிரினங்களில் பாதிக்கும் மேற்பட்டவை வாழ்வதாகக் கருதப்படுகிறது.

மழைக்காடு அடுக்கடுக்கானது. மற்ற மரங்களுக்கு மேலே தலைநீட்டும் பெருமரங்கள், அவற்றின் கீழே கூரை போல மூடிய விதானம், அதன் நிழலில் சிறுமரங்களும் புதர்களும், எல்லாவற்றுக்கும் அடியில் இருண்ட, ஈரமான தரை என அது அமைந்துள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் வெடிப்பலா, நாங்கு, கருங்குங்கிலியம் போன்ற மரங்கள் வளர்கின்றன. மலை இருவாட்சியும் சிங்கவால் குரங்கும் இக்காடுகளை நம்பி வாழ்பவை. உயரமான இடங்களில் புல்வெளிகளுக்கு நடுவே பள்ளத்தாக்குகளில் மட்டும் காணப்படும் குட்டையான மழைக்காடு 'சோலை' எனப்படுகிறது. இத்தமிழ்ச் சொல்லையே உலகத் தாவரவியலாளரும் பயன்படுத்துகின்றனர்.

இக்காடுகளின் முக்கியமான இயல்பு ஒன்று உண்டு. இங்கு ஊட்டச்சத்தின் பெரும்பகுதி மண்ணில் இல்லை. மரங்களிலும் உதிர்ந்த இலைகளிலும்தான் உள்ளது. விழுந்த இலை விரைவில் மக்கி, அதன் சத்து மீண்டும் வேர்களுக்குச் செல்கிறது. மரங்களை வெட்டினால் இந்தச் சுழற்சி அறுந்துவிடும். கனமழை மேல்மண்ணை அரித்துச் செல்லும். அதனால், பசுமையைப் பார்த்து வளமான மண் என்று நம்பிக் காட்டை அழித்தவர்கள் சில ஆண்டுகளிலேயே விளைச்சல் குறைவதைக் கண்டனர். டெல்டாவின் நிலை இதற்கு நேர்மாறானது. ஆறு பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து சேர்த்த வண்டலே அதன் வளம்.

மலைக்காடும் டெல்டாவின் நீரும்

காவிரி குடகு மலையில் தலைக்காவிரியில் தோன்றி ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடிப் பூம்புகார் அருகே கடலில் கலக்கிறது. அதன் படுகையின் பரப்பு ஏறத்தாழ 81,155 சதுர கிலோமீட்டர். இப்பரப்பில் மழைக்காடு இருப்பது மேற்கு விளிம்பில் மட்டுமே. ஆனால் ஆற்றின் பெருவாரியான நீர் அந்த விளிம்பிலிருந்துதான் வருகிறது. ஏமாவதி சிக்கமகளூரு மலைகளிலும், ஆரங்கியும் இலட்சுமண தீர்த்தமும் குடகிலும், கபினி வயநாட்டிலும், பவானி நீலகிரியை ஒட்டிய மலைகளிலும், அமராவதி ஆனைமலைப் பகுதியிலும் தோன்றுகின்றன.

தலைக்காவிரிக்கு அருகிலுள்ள பாகமண்டலம் பகுதி ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெறுகிறது. தஞ்சாவூர் பெறுவது ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைப்பது. சூன், சூலை மாதங்களில் டெல்டாவில் வெயில் கொளுத்தும்போது மலையில் தென்மேற்குப் பருவமழை பெய்யும். அந்த நீர் ஆற்றில் வந்ததால்தான் மழையில்லாத காலத்திலும் குறுவை நட முடிந்தது. மேட்டூர் அணையைச் சூன் 12ஆம் நாள் திறக்கும் மரபும் இதையொட்டியே ஏற்பட்டது. ஆடிப்பெருக்கு விழா கொண்டாடுவதும் மலையில் பெய்த மழையால் பெருகிவரும் புதுவெள்ளத்தைத்தான்.

மழைக்காடு இந்த நீரைப் பதப்படுத்தி அனுப்புகிறது. விதானம் மழைத்துளியின் வேகத்தைத் தணிக்கிறது. இலைமக்கும் வேர்களும் நிறைந்த தரை நீரை உள்ளே விடுகிறது. உள்ளே சென்ற நீர் ஊற்றாகவும் ஓடையாகவும் மழை நின்ற பிறகும் கசிகிறது. காடு நீங்கிய சரிவிலோ மழைநீர் மண்ணையும் சேர்த்துக்கொண்டு விரைந்து ஓடிவிடுகிறது. வெள்ளம் கூடுகிறது, கோடையில் ஓடை வற்றுகிறது, அணையில் மண் படிகிறது.

வயலாக மாறிய காடு

டெல்டாவும் முன்பு காடு அடர்ந்த நிலமே என்பதற்கு ஊர்ப்பெயர்கள் சான்று. திருமறைக்காடு (வேதாரண்யம்), திருவெண்காடு, தலைச்சங்காடு, திருவாலங்காடு ஆகிய பெயர்களில் 'காடு' உள்ளது. சிதம்பரத்தின் பழம்பெயரான தில்லை, கழிமுகச் சதுப்பில் வளரும் தில்லை மரத்தால் வந்தது. பஞ்ச ஆரண்யத் தலங்கள் எனப்படும் ஐந்து சிவத்தலங்கள் ஒவ்வொன்றும் ஒரு வனத்தின் பெயரோடு வழங்கப்படுகின்றன. திருக்கருகாவூர் முல்லைவனம், அவளிவணல்லூர் பாதிரிவனம், அரித்துவாரமங்கலம் வன்னிவனம், ஆலங்குடி பூளைவனம், திருக்கொள்ளம்புதூர் வில்வவனம் என்பன அவை. இன்று இவ்வூர்களைச் சுற்றி இருப்பது நெல்வயல். வனத்தின் நினைவைத் தாங்கி நிற்பது கோயிலின் தலமரம் மட்டுமே.

சங்க இலக்கியமான பட்டினப்பாலை, காட்டை அழித்து நாடாக்கியதையும் குளம் தோண்டி வளம் பெருக்கியதையும் கரிகாலனின் அருஞ்செயல்களாகப் போற்றுகிறது. கல்லணையும் கரிகாலன் பெயரோடு இணைக்கப்படுகிறது. காடு திருத்தி வயலாக்குவது அக்காலத்தில் அரசின் கடமையாகவும் புகழாகவும் கருதப்பட்டது. பல்லவர், சோழர் காலங்களில் பிரமதேயங்களும் தேவதானங்களும் பெருகியபோது நீர்ப்பாசனம் விரிந்தது. எஞ்சிய காடுகள் மேலும் சுருங்கின.

டெல்டாவில் அழிந்தது மழைக்காடு அன்று. அது ஆற்றங்கரைக் காடும், கழிமுகச் சதுப்புக் காடும், கடற்கரையை ஒட்டிய வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடும் ஆகும். இவற்றில் கடைசி வகையின் குறிப்பிடத்தக்க எச்சம் கோடிக்கரையில் உள்ளது. அங்கு 1967இல் வனவிலங்கு சரணாலயம் அமைக்கப்பட்டது. பாலை மரங்களும் வெளிமான்களும் உள்ள அவ்விடம், டெல்டாவின் கடலோரம் முன்பு எப்படியிருந்தது என்பதை ஓரளவு காட்டுகிறது.

தோட்டப் பயிர்களின் வருகை

டெல்டாவில் காடு வயலாக மாறப் பல நூற்றாண்டுகள் ஆயின. மலையில் மாற்றம் சில பத்தாண்டுகளில் நடந்தது. 1820களில் கோவை ஆட்சியர் சான் சல்லிவன் உதகமண்டலத்தில் ஐரோப்பியக் குடியிருப்புக்கு வழிகோலினார். 1834இல் குடகு ஆங்கிலேயர் ஆட்சிக்குள் வந்தது. 1850களில் குடகில் ஐரோப்பியரின் காப்பித் தோட்டங்கள் தொடங்கின. நீலகிரியில் காப்பியுடன் தேயிலையும், 1860களில் மலேரியா மருந்துக்கான சிங்கோனாவும் பயிராயின. விறகுத் தேவைக்காக ஆத்திரேலியாவிலிருந்து தைல மரமும் சீகை மரமும் கொண்டுவரப்பட்டன.

காட்டின் மீது மலைமக்களுக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் இருந்த வழக்குரிமைகளை ஆட்சியாளர்கள் சொத்துரிமையாக ஏற்கவில்லை. அவர்கள் பார்வையில் அது வரி தராத தரிசு. ஆகவே தோட்டம் அமைப்போருக்கு எளிய விதிகளில் நிலம் அளிக்கப்பட்டது. உலகச் சந்தையில் காப்பிக்கும் தேயிலைக்கும் விலை இருந்தது. நிலமும் மலிவு, கூலியும் மலிவு, சந்தையும் தயார் என்ற நிலையில் காடு வேகமாக வெட்டப்பட்டது.

குடகின் வரலாற்றில் ஒரு வேறுபாடும் உண்டு. அங்குள்ள காப்பி பெரும்பாலும் மர நிழலில் வளர்க்கப்பட்டது. அதனால் தேயிலைத் தோட்டங்களைப் போல மலை முழுவதும் மொட்டையாகவில்லை. தெய்வங்களுக்கு உரியதாக ஊரார் காத்துவரும் 'தேவரகாடு' எனும் கோயிற்காடுகளும் அங்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டவை உள்ளன. இன்றும் குடகில் காட்டுமரங்கள் எஞ்சியிருப்பதற்கு இவ்விரண்டும் முக்கியமான காரணங்கள்.

இருப்புப்பாதையும் வனச் சட்டமும்

தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி 1856இல் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாசா வரை ஓடியது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிராப்பள்ளி வரையிலான பாதை 1861-62இல் அமைந்தது. ஒரு மைல் இருப்புப்பாதைக்கு ஏறத்தாழ 2,000 மரக்கட்டைகள் தேவைப்பட்டன. அவை சில ஆண்டுகளில் உளுத்துவிடும். மீண்டும் புதியவை வேண்டும். தொடக்கத்தில் எஞ்சின்களும் விறகால் ஓடின. இந்த விறகுத் தேவைக்காகவே சென்னை மாகாணக் கடலோரத்தில் சவுக்குத் தோப்புகள் பெருமளவில் வளர்க்கப்பட்டன.

மரத்தட்டுப்பாடு குறித்த அச்சம் வனத்துறையைப் பிறப்பித்தது. 1856இல் மருத்துவரும் தாவரவியலாளருமான இயூ கிளெக்கார்ன் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராக அமர்த்தப்பட்டார். 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. காப்புக்காடுகள் அறிவிக்கப்பட்டன. மலைமக்கள் காட்டின் ஒரு பகுதியை வெட்டி எரித்துப் பயிரிட்டு, பின்னர் வேறிடம் செல்லும் 'குமரி' வேளாண்மை காட்டழிவுக்குக் காரணம் எனக் கூறப்பட்டு ஒடுக்கப்பட்டது. அதே காலத்தில் தோட்டங்களுக்காகப் பெரும் பரப்பில் காடு அழிக்கப்படுவது தொடர்ந்தது. குமரியில் விடப்பட்ட நிலம் மீண்டும் காடாக வாய்ப்பிருந்தது. தோட்டமான நிலம் மீளவில்லை. குறைவாக அழித்தவர் மீது கூடுதலான குற்றச்சாட்டு விழுந்தது காலனிய வன வரலாற்றில் மீண்டும் மீண்டும் காணப்படும் செய்தி.

தஞ்சை அரிசியும் தஞ்சை ஆட்களும்

1830களில் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையையும் அணைக்கரையில் கீழணையையும் கட்டினார். டெல்டாவின் பாசனம் உறுதிப்பட்டது, விளைச்சல் பெருகியது. ஆனால் நிலம் மிராசுதாரர்களிடம் குவிந்திருந்தது. உழைத்தவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற பண்ணையாட்கள். 1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைமுறைக்கான சட்ட ஏற்பை நீக்கியபோதும், கடனும் சாதியும் அவர்களைப் பண்ணையோடு கட்டியே வைத்திருந்தன.

அவர்களுக்குத் திறந்திருந்த சில வழிகளில் ஒன்று கடல் வழி. இலங்கையின் மத்திய மலைநாட்டில் 1830களில் தொடங்கிய காப்பித் தோட்டங்கள் 1870களில் 2,50,000 ஏக்கரைத் தாண்டின. அந்த மலைகளின் மழைக்காட்டை வெட்டிச் சாய்த்ததில் தமிழ்த் தொழிலாளரின் உழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம், தஞ்சாவூர் ஆகிய பகுதிகளிலிருந்து கங்காணிகள் அவர்களை அழைத்துச் சென்றனர். 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் காப்பியை அழித்தது. அதே நிலத்தில் தேயிலை நடப்பட்டது, காடு திரும்பவில்லை. தோட்டத் தொழிலாளருக்கான அரிசி இலங்கையில் போதிய அளவு விளையவில்லை. தஞ்சை அரிசி கப்பலேறி இலங்கைக்குச் சென்றது.

மலாயாவின் கதையும் இத்தகையதே. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஆட்களை ஏற்றிய கப்பல்கள் சென்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகளின் பெருக்கத்தால் இரப்பருக்கு விலை ஏறியது. 1920களில் மலாயாவின் இரப்பர்ப் பரப்பு 20 இலட்சம் ஏக்கரைத் தாண்டியது. அதில் பெரும்பகுதி தாழ்நில மழைக்காடாக இருந்த நிலம். 1938இல் இந்திய அரசு மலாயாவுக்கு ஆள் எடுப்பதைத் தடை செய்தது.

காடழிப்பின் காரணங்களைப் பேசும்போது கோடரியை மட்டும் பார்ப்பது போதாது என்பதற்கு இவ்வரலாறு எடுத்துக்காட்டு. கோடரியைப் பிடித்தவர் நிலமற்ற கூலி. அவரை ஊரைவிட்டு அனுப்பியது டெல்டாவின் நிலவுடைமை. காட்டை அவருக்கு முன்னே நிறுத்தியது காலனிய நில விதி. வெட்டச் சொன்னது இலண்டன் சந்தை. காடழிந்த மலையில் அவருக்குக் கிடைத்தது ஒரு லயத்தின் அறை.

விடுதலைக்குப் பின்

1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாத்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டத் தொழிலாளர் பல இலட்சம் பேர் இந்தியாவுக்குத் திரும்ப நேர்ந்தது. அவர்களுக்கு வேலையளிக்க 1968 முதல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அமைக்கப்பட்டன. அதற்காக வன நிலம் தேயிலை நிலமாக்கப்பட்டது. இலங்கையின் காட்டை வெட்டியவர்களின் பேரர்கள் தமிழ்நாட்டு மலைக்காட்டின் நிலத்தில் குடியேற்றப்பட்டனர். ஒரு சமூக அநீதிக்கான தீர்வு மற்றொரு முறை காட்டின் தலையில் விழுந்தது.

மின்சாரத்துக்கான நீர்த்தேக்கங்கள் நீலகிரியின் பள்ளத்தாக்குகளை மூழ்கடித்தன. 1974இல் முடிந்த கபினி அணை காட்டுநிலத்தையும் நீரில் ஆழ்த்தியது. தோல் பதனிடும் பட்டைக்கும் ஆலை மரக்கூழுக்கும் என நீலகிரியின் புல்வெளிகளில் சீகையும் தைல மரமும் பரப்பப்பட்டன. குடகில் 1977க்கும் 1997க்கும் இடையே காட்டுப்பரப்பில் கால் பங்குக்கும் மேல் குறைந்தது. இதில் பெரும்பகுதி தனியார் நிலத்துக் காடு, காப்பித் தோட்டமாக மாறியது. நிழலுக்கு நின்ற நாட்டு மரங்களின் இடத்தில் விரைந்து வளரும் சில்வர் ஓக் நடப்பட்டது. 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம் வன நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவதைக் கட்டுப்படுத்தியது. 2012இல் தலைக்காவிரிப் பகுதி உள்ளிட்ட மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்கள் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டன.

முத்துப்பேட்டை அலையாத்திக் காடு

ஆற்றின் கடைமுனையிலும் ஒரு காடழிப்பு நடந்தது. காவிரியின் கிளையாறுகளான பாமணியாறு, கோரையாறு முதலியவை கடலில் சேரும் முத்துப்பேட்டையில் ஏறத்தாழ 12,000 எக்டேர் பரப்பில் அலையாத்திக் காப்புக்காடு உள்ளது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1970கள் வரை, இக்காடு பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு விறகுக்காக முற்றாக வெட்டப்பட்டது. வெட்டிய இடத்தில் காடு தானே முளைக்கும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் நிழலை இழந்த சேறு வெயிலில் காய்ந்து தாழ்ந்தது. உள்ளே தேங்கிய கடல்நீர் ஆவியாகி உப்பு மிகுந்தது. எந்த விதையும் முளைக்கவில்லை.

1990களில் எம். எசு. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி ஓதநீர் வந்துபோக வழிசெய்தனர். உப்பு தணிந்த கரைகளில் கண்டல் நாற்றுகள் வேர்பிடித்தன. மரம் நடுவதற்கு முன் நீரோட்டத்தைச் சீர்செய்ய வேண்டும் என்பது இதிலிருந்து பெற்ற பாடம்.

காடு மழையைத் தருமா?

இக்கேள்வி பழையது. 1840களிலேயே சென்னை மாகாண மருத்துவர் எட்வர்டு பால்பர் மரங்களுக்கும் மழைக்கும் உள்ள தொடர்பைப் பற்றி எழுதினார். 19ஆம் நூற்றாண்டு வன அலுவலர் பலர் காடழிந்தால் மழை குறையும் என நம்பினர். பின்வந்த அறிவியலாளர் பலர் இதை ஐயுற்றனர். பருவக்காற்று கடலிலிருந்து வருவது என்பதே அவர்கள் வாதம்.

இன்றைய புரிதல் இரண்டுக்கும் இடைப்பட்டது. பருவமழையின் பெரும்பகுதி கடல் ஈரமே. ஆயினும் மலைக்காடுகள் ஆவியாக விடும் நீர் காற்றோடு கிழக்கே சென்று தமிழ்நாட்டின் தென்மேற்குப் பருவமழைக்குக் குறிப்பிடத்தக்க பங்களிப்பதாக மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2018இல் கண்டனர். மற்றொரு பக்கம், எல்லா மரங்களும் ஆற்றுக்கு நீர் சேர்ப்பதில்லை. தைல மரம் நட்ட நீலகிரிச் சரிவுகளில் ஓடை நீர் குறைந்ததை உதகமண்டல மண்வள ஆய்வு மையத்தின் நீண்டகால அளவீடுகள் காட்டின. ஆகவே 'மரம் நட்டால் ஆறு பெருகும்' என்பது முழு உண்மையன்று. எந்த மரம், எந்த இடத்தில், எதற்குப் பதிலாக என்பதைப் பொறுத்தே விடை அமையும். புல்வெளியும் சோலையும் சேர்ந்து செய்யும் வேலையை ஒரே வகை மரத்தோப்பு செய்வதில்லை.

2018: ஓர் ஆண்டின் சான்று

2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகளும் மேட்டூர் அணையைச் சூன் 12இல் திறக்க முடியவில்லை. இதற்கு மழைக்குறைவும் மாநிலங்களுக்கிடையிலான பங்கீட்டுச் சிக்கலும் முதன்மைக் காரணங்கள். 2018 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு விடவேண்டிய நீரை 177.25 டி.எம்.சி. என வரையறுத்தது. அதே ஆண்டு ஆகத்தில் குடகில் பெருமழையும் நிலச்சரிவுகளும் ஏற்பட்டன. தண்ணீருக்காகப் போராடிக்கொண்டிருந்த ஆற்றில் வெள்ளம் புரண்டது. ஆகத்து 22இல் முக்கொம்பு மேலணையின் மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. நீரின் பெரும்பகுதி கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போனது. நவம்பர் 16இல் கசா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரைகடந்தது. டெல்டாவின் தென்னைகளோடு முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் பெருஞ்சேதம் அடைந்தது.

இவை ஒவ்வொன்றையும் காடழிப்பின் நேரடி விளைவு எனக் கூறிவிட முடியாது. ஆனால் மலைச்சரிவு, ஆறு, கழிமுகம் ஆகிய மூன்றும் ஒரே உடலின் உறுப்புகள் என்பதை அந்த ஓர் ஆண்டு தெளிவாகக் காட்டியது. காவிரி பற்றிய ஒப்பந்தங்களும் தீர்ப்புகளும், 1892 முதல் இன்றுவரை, அணையில் உள்ள நீரை யாருக்கு எவ்வளவு எனப் பகிர்வதிலேயே கவனம் செலுத்தியுள்ளன. அந்த நீர் அணைக்கு வருவதற்கு முன் தங்கியிருக்கும் காட்டுக்கு அவற்றில் பங்கு எதுவும் குறிக்கப்படவில்லை. தஞ்சையின் அடுத்த குறுவையைத் தீர்மானிப்பவற்றுள் அந்தக் காடும் ஒன்றாக இருக்கிறது.